"ஒருவரைக்கூட இழக்கவில்லை" என்று இனிச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். துருவப் பயணங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள், அருங்காட்சியகங்களில் விளக்கப் பலகை எழுதுகிறவர்கள், முக்கியமாகத் தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். திரையில் பனிக்கட்டிக்குள் சிக்கிச் சாய்ந்து நிற்கும், துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலின் படம். பேச்சாளர் நன்றாகவே பேசினார். கப்பல் நொறுங்கியது, மிதக்கும் பனியின் மேல் கூடாரம், எலிபன்ட் தீவில் காத்திருந்த 22 பேர், ஒரு சின்னப் படகில் 1,300 கிலோமீட்டர் கடல் பயணம் என்று எல்லாவற்றையும் கண்முன் கொண்டுவந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இவ்வளவுக்கும் நடுவில் ஷாக்கிள்டன் ஒருவரைக்கூட இழக்கவில்லை" என்றார். அரங்கம் முழுக்கக் கைதட்டல். என்னால் தட்ட முடியவில்லை. இடைவேளையில் அவரிடம் போய், "மூன்று பேர் இறந்தார்கள், ஐயா" என்றேன். "அது வேறு குழு இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்த புத்தகங்கள் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அதே வாக்கியத்தை நான் இதுவரை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன்.

அது வேறு குழு இல்லை. ஒரே பயணம், ஒரே தலைவர், ஒரே திட்டம். 1914இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் கிளம்பியது, அண்டார்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தென் துருவம் வழியாகக் கடப்பதற்கு. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஆறு பேர் கடப்பதாக ஏற்பாடு. அத்தனை தூரத்துக்கும் வேண்டிய உணவையும் எரிபொருளையும் ஆறு பேர் கூடவே இழுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் வெட்டல் கடல் பக்கமிருந்து எண்டூரன்ஸில் ஷாக்கிள்டன் வர, எதிர்ப்பக்கத்தில் ராஸ் கடலுக்கு அரோரா என்ற இன்னொரு கப்பல் போக வேண்டும். அதிலிருந்து இறங்குகிறவர்கள் ராஸ் பனியடுக்கின் மேல் தெற்கே நடந்து, வழிநெடுக உணவுக் கிடங்குகள் வைக்க வேண்டும். கடைசிக் கிடங்கு பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில், மவுண்ட் ஹோப் என்ற குன்றருகே. துருவத்தைத் தாண்டி வருகிற ஆறு பேரும் அந்தப் பனியாற்றில் இறங்கி வரும்போது கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். அங்கே மூட்டை இருந்தால் பிழைப்பார்கள்.

ராஸ் கடல் குழுவுக்கு இட்ட முதல் வேலை இதுதான். அவர்கள் துருவத்தைப் பார்க்கப் போவதில்லை. கண்டத்தைக் கடந்தவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு வராது. இன்னொருவருடைய சாப்பாட்டை, அவர் வருவதற்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

குழுத் தலைவர் ஏனியாஸ் மக்கின்டாஷ், ஷாக்கிள்டனின் முந்தைய நிம்ரோட் பயணத்தில் ஒரு விபத்தில் வலது கண்ணை இழந்தவர். ஆஸ்திரேலியா வந்து பார்த்தால் பணம் போதவில்லை, கப்பலுக்குப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. கடனும் நன்கொடையுமாகத் தேற்றிக்கொண்டு 1914 டிசம்பர் 24 அன்று ஹோபார்ட்டை விட்டுக் கிளம்பினார்கள். பனியில் பழகியவர்கள் ஒரு சிலர்தான். அவர்களில் எர்னஸ்ட் ஜாய்ஸ் முன்பே இன்னொரு துருவப் பயணியான ஸ்காட்டுடனும் ஷாக்கிள்டனுடனும் தெற்கே போய் வந்தவர். ஆஸ்திரேலியாவில் வந்து சேர்ந்த டிக் ரிச்சர்ட்ஸுக்கு வயது 21. ஆர்னால்ட் ஸ்பென்சர்-ஸ்மித் ஒரு பாதிரியார், புகைப்படம் எடுக்கும் பொறுப்பும் அவருடையது.

முதல் கோடையிலேயே தவறு நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஷாக்கிள்டன் அந்தப் பருவத்திலேயே கடந்து வந்துவிடுவாரோ என்று மக்கின்டாஷ் பயந்தார். நீண்ட கப்பல் பயணத்தால் நாய்கள் தளர்ந்திருக்கின்றன, கொஞ்சம் தேறட்டும் என்று ஜாய்ஸ் சொன்னதை அவர் ஏற்கவில்லை. 1915 ஜனவரி கடைசியில் கிளம்பித் தெற்கு அட்சரேகை 80 டிகிரி வரை போய்ச் சரக்கை வைத்தார்கள். அங்கு வரை இழுத்துவந்த நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மனிதர்கள் பனிக்கடியோடு மார்ச் கடைசியில், பழைய குடிசை ஒன்று இருந்த ஹட் முனைக்கு வந்து சேர்ந்தார்கள். தலைமை முகாமான ஈவன்ஸ் முனைக்குப் போவதற்குக் கடல் உறுதியாக உறைந்திருக்க வேண்டும். ஜூன் வரை அந்தப் பழைய குடிசையில், சீல் கொழுப்பை எரித்த கரும்புகைக்குள் காத்திருந்தார்கள்.

ஜூன் மாதம் ஈவன்ஸ் முனைக்கு நடந்து வந்தபோது அங்கே கப்பலைக் காணோம்.

மே மாதம் வந்த புயலில் அரோரா கட்டியிருந்த வடங்களையெல்லாம் அறுத்துக்கொண்டு, பனியோடு பனியாகக் கடலுக்குள் போய்விட்டிருந்தது. அது 312 நாட்கள் அப்படியே மிதந்து, ஜோசப் ஸ்டென்ஹவுஸின் பொறுப்பில், 1916 ஏப்ரலில்தான் நியூசிலாந்துக்குத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. கரையில் நின்ற பத்துப் பேருக்கு இது எதுவும் தெரியாது. கப்பல் மூழ்கிவிட்டது என்றுதான் அவர்கள் எண்ண முடிந்தது. துணிமணி, எரிபொருள், சொந்த உணவு எல்லாம் பெரும்பாலும் கப்பலிலேயே இருந்தன. வெளியுலகோடு பேச வழி கிடையாது.

ஸ்காட்டின் ஆட்கள் விட்டுப்போன குடிசையைக் கிளறினார்கள். பழைய கூடாரத் துணியை வெட்டிக் கால்சட்டை தைத்தார்கள். எர்னஸ்ட் வைல்ட் மரத்தூளையும் தேயிலையையும் காபித்தூளையும் கலந்து புகையிலை தயாரித்தார். இந்த எர்னஸ்ட் வைல்டின் அண்ணன் ஃபிராங்க் வைல்ட்தான் எலிபன்ட் தீவில் 22 பேரைக் கட்டிக்காத்தவர். அண்ணனைப் பற்றி உங்கள் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. தம்பியின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நான் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். கப்பல் இல்லை, உடை இல்லை, மீட்க யாராவது வருவார்களா என்பதும் தெரியாது. குடிசையிலேயே இருந்து சீல் வேட்டையாடிக் காலம் தள்ளியிருந்தால் அவர்களை யார் குறை சொல்லியிருக்க முடியும்? ஆனால் எதிர்ப்பக்கமிருந்து ஆறு பேர் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். கிடங்கு இல்லையென்றால் அந்த ஆறு பேர் சாவார்கள். சரி, போவோம் என்று முடிவெடுத்தார்கள்.

1915 செப்டம்பரில் வேலை தொடங்கியது. முதல் மாதம் மட்டும் ஏறத்தாழ 1,700 கிலோ சரக்கை ஈவன்ஸ் முனையிலிருந்து ஹட் முனைப் பக்கம் இழுத்தார்கள். அப்புறம் அதைத் தெற்கே மின்னா பிளஃப் கிடங்குக்கு நகர்த்தினார்கள். எஞ்சியிருந்தவை நான்கு நாய்கள், மற்றபடி மனிதர்கள்தான் இழுவை மாடுகள். ஒரே நடையில் எல்லாவற்றையும் இழுக்க முடியாது. பாதியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பி வந்து மீதியை இழுக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் கால்களுக்கு மூன்று. மென்பனியில் முழங்கால் வரை புதையும். வியர்வை நின்ற நொடியில் உடையே உறையும். இதை டிசம்பர் கடைசி வரை செய்துவிட்டு, அதற்கு மேல்தான் உண்மையான தென்பயணத்தைத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் ஒரு ஸ்டவ் பழுதானது. கேட்பதற்குச் சின்ன விஷயம். அங்கே ஸ்டவ் இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீரே கிடையாது. கோப், ஜாக், கேஸ் மூவரும் திரும்ப வேண்டியதாயிற்று. மக்கின்டாஷ், ஜாய்ஸ், வைல்ட், ரிச்சர்ட்ஸ், விக்டர் ஹேவர்ட், ஸ்பென்சர்-ஸ்மித் என்ற ஆறு பேர் மேலே போனார்கள். இவர்கள் போன அந்த மாதங்களில் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் ஈவன்ஸ் முனைக் குடிசையில் தனியாக இருந்தார். அந்தத் தனிமையைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும்.

அதற்குள் ஸ்கர்வி வந்துவிட்டது. உடலில் வைட்டமின் சி தீர்ந்துபோனால் வரும் நோய். ஈறு வீங்கிக் கறுக்கும், பல் ஆடும். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருங்கிக் காலை நீட்ட முடியாது. பச்சைக் காய்கறியோ புது இறைச்சியோ இருந்தால் சில நாட்களில் மட்டுப்படும். பனியடுக்கின் நடுவே இரண்டும் கிடையாது. ஸ்பென்சர்-ஸ்மித்தால் ஜனவரி 22க்கு மேல் நடக்க முடியவில்லை. தன்னை ஒரு கூடாரத்தில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு வாரம் அந்த வெள்ளை வெளியில் தனியாகப் படுத்திருந்தார். மற்ற ஐவரும் 1916 ஜனவரி 26 அன்று மவுண்ட் ஹோப்பில் கடைசிக் கிடங்கை வைத்தார்கள். சொன்ன வேலை முடிந்தது.

ஒரு தேதியை மட்டும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்டூரன்ஸ் மூழ்கியது 1915 நவம்பர் 21. கடைசி மூட்டையை இவர்கள் இறக்கி வைத்தபோது, அந்தக் கப்பல் மூழ்கி 66 நாட்கள் ஆகியிருந்தன. ஷாக்கிள்டன் அந்தப் பயணத்தில் அதுவரை அண்டார்டிகக் கண்டத்தின் கரையை மிதித்திருக்கவே இல்லை. இவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

திரும்பும் பாதையைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் கை தயங்கும். ஜனவரி 29 அன்று ஸ்பென்சர்-ஸ்மித்தைத் தூக்கிச் சறுக்கு வண்டியில் கிடத்தினார்கள். அதன்பின் 40 நாட்கள் அவர் அந்த வண்டியிலேயே இருந்தார். 500 கிலோமீட்டருக்கும் மேல் அவரை இழுத்தார்கள். இழுத்தவர்களுக்கும் ஸ்கர்விதான். வைல்ட் தன் வேலைக்கு மேல் அவருக்குத் தாதியாகவும் இருந்தார். உணவு ஊட்டுவது, இயற்கை உபாதைக்கு உதவுவது, உறைந்த படுக்கைப் பையில் புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் வைல்ட். கொஞ்ச நாளில் மக்கின்டாஷும் நொண்ட ஆரம்பித்தார்.

பிப்ரவரி நடுவில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அடுத்த கிடங்கு 20 கிலோமீட்டருக்குள் இருந்தது, ஆனால் கூடாரத்தை விட்டு நகர முடியவில்லை. நாள் போகப் போகச் சாப்பாடு தீர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்டும் தோழர்களும் இதே பனியடுக்கில், அடுத்த கிடங்குக்கு 18 கிலோமீட்டர் தூரத்தில் இப்படித்தான் கூடாரத்துக்குள் இறந்தார்கள். இது இந்த ஆறு பேருக்கும் தெரியும். பிப்ரவரி 23 அன்று, புயல் முழுதாக ஓயும் முன்பே ஜாய்ஸும் ரிச்சர்ட்ஸும் ஹேவர்டும் நாய்களோடு கிளம்பினார்கள். கிடங்கைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு வடக்கே போயிருந்தால் தாங்கள் பிழைப்பது நிச்சயம். ஆனால் உணவை ஏற்றிக்கொண்டு, நோயில் கிடந்தவர்களிடம் தெற்கே திரும்பினார்கள். ஆஸ்கார், கன்னர், கான், டவ்சர் என்ற அந்த நான்கு நாய்களின் பெயரையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவை இல்லாமல் அந்த நடை நடந்திருக்காது.

மார்ச் 8 அன்று, எல்லோரையும் இழுக்கும் தெம்பு இல்லாமல் போனதால், மக்கின்டாஷ் தான் கூடாரத்தில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் காலை ஸ்பென்சர்-ஸ்மித் இறந்தார். ஹட் முனைக்கு இன்னும் ஓரிரு நாள் நடைதான் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் சீல் இறைச்சி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். பனியிலேயே புதைத்தார்கள். எஞ்சியவர்கள் குடிசையை அடைந்து, சில நாள் புது இறைச்சி தின்றுவிட்டு, அந்தக் கால்களோடே திரும்பப் போய் மக்கின்டாஷையும் கூட்டி வந்தார்கள்.

மே 8 அன்று மக்கின்டாஷும் ஹேவர்டும் ஈவன்ஸ் முனைக்கு உறைகடல் மேல் நடக்கக் கிளம்பினார்கள். பனி இன்னும் மெலிதாக இருக்கிறது என்று மற்றவர்கள் தடுத்தும் கேட்கவில்லை. புயல் வந்தது. அடிச்சுவடு முடிந்த இடத்தில் பனித்தளம் உடைந்து போயிருந்தது. இரண்டு பேரின் உடலும் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டே நாள் கழித்து, மே 10 அன்று, ஷாக்கிள்டனின் படகு சவுத் ஜார்ஜியா கரையைத் தொட்டது. நீங்கள் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்குகிற காட்சி அது.

1917 ஜனவரி 10 அன்று அரோரா மீண்டும் ஈவன்ஸ் முனைக்கு வந்தபோது ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். கப்பலில் ஷாக்கிள்டனும் வந்திருந்தார். காணாமல் போனவர்களைத் தேட அவரே இறங்கினார். 1919இல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தக் குழுவுக்கென்று அத்தியாயங்கள் ஒதுக்கினார், இறந்த தோழர்களுக்கு நூலைக் காணிக்கையாக்கினார். அவர் மறைக்கவில்லை, ஐயா. பின்னால் வந்து கதை சொன்னவர்கள்தான், கதை அழகாக முடியட்டும் என்று அந்த மூன்று பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"நேரடியாக அவர் கீழே இருந்தவர்களில் யாரும் சாகவில்லை என்பதுதானே பொருள்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பத்துப் பேரையும் அங்கே அனுப்பிய திட்டம் அவருடையது. பணப் பற்றாக்குறை அவருடைய பயணத்தின் பற்றாக்குறை. அவர்கள் சுமந்த மூட்டை அவருக்கான மூட்டை. அவருக்காக நடந்து செத்தவர்கள் அவருடைய ஆட்கள் இல்லையென்றால், பிறகு யாருடைய ஆட்கள்?

இந்தப் பழக்கம் ஒரு பயணத்தோடு நிற்கவும் இல்லை. 1909இல் அமெரிக்கப் பயணி பியரியோடு வட துருவம் நோக்கிய கடைசி நடையில் மேத்யூ ஹென்சனும் ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கேயா என்ற நான்கு இனுயிட்களும் இருந்தார்கள். பல பாடப் புத்தகங்கள் வெகு காலம் பியரியோடு நிறுத்திக்கொண்டன. ஷாக்கிள்டனின் சின்னப் படகைக் கடலுக்குத் தாங்கும்படி உயர்த்திக் கட்டிய தச்சர் மக்நீஷுக்குத் துருவப் பதக்கமே மறுக்கப்பட்டது. முன்னால் நடக்கிறவரை மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம்.

தலைமைப் பண்பு வகுப்பெடுக்கிறவர்களே, உங்களுக்குச் சொல்லித்தர உண்மையில் அதிகம் இருப்பது ராஸ் கடல் பக்கத்தில்தான். தெளிவில்லாத உத்தரவு தூரத்தில் இருக்கிறவனை என்ன செய்கிறது? அனுபவசாலி சொல்வதை மேலதிகாரி தட்டிவிட்டால் என்ன ஆகிறது? மேலிருந்து ஒரு வார்த்தையும் வராத நிலையில் ஜாய்ஸும் ரிச்சர்ட்ஸும் பொறுப்பை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இவற்றைப் பேசுங்கள். பேசுவதற்கு முன், அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். எலிபன்ட் தீவின் 22 பேரும் பிழைத்தார்கள் என்று சொல்லுங்கள், அது உண்மை. பயணத்தில் மூவர் இறந்தார்கள் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வரைபடத்தில் எண்டூரன்ஸ் மிதந்த கோடும் படகு போன கோடும் இருக்கின்றன. எதிர்ப்பக்க மூலை வெறுமையாக இருக்கிறது. ஈவன்ஸ் முனையிலிருந்து மவுண்ட் ஹோப் வரை இன்னொரு கோடு போடுங்கள். கிடங்குகளைப் புள்ளியாகக் குறியுங்கள். ஒரு குழந்தை, "இது யார் போன வழி?" என்று கேட்கும்.

அருங்காட்சியகத்தாருக்கு: 2022இல் எண்டூரன்ஸ் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே பார்த்தது, நானும் விடிய விடியப் பார்த்தேன். 2013இல் நியூசிலாந்துப் பாதுகாப்புக் குழுவினர் ஈவன்ஸ் முனைக் குடிசையின் இருட்டறையில், ராஸ் கடல் குழுவினர் விட்டுப்போன 22 நெகட்டிவ்களை எடுத்தார்கள். ஒன்றில் ஸ்டீவன்ஸ் அரோராவின் தளத்தில் நிற்கிறார். கண்காட்சியில் எண்டூரன்ஸின் படங்களுக்கு நேர் எதிர்ச் சுவரில் அவற்றைப் பெரிதாக மாட்டுங்கள். 1923இல் ஜாய்ஸ், ரிச்சர்ட்ஸ், வைல்ட், ஹேவர்ட் நால்வருக்கும், உயிர்காத்த வீரத்துக்கான ஆல்பர்ட் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது வைல்டும் ஹேவர்டும் உயிரோடு இல்லை. அதையும் கீழே எழுதுங்கள்.

ரிச்சர்ட்ஸ் 1985 வரை வாழ்ந்தார். 1916 ஆகஸ்டில், மீட்பு வருமா என்பது தெரியாமல் ஈவன்ஸ் முனையில் நோயுற்றுக் கிடந்தபோது, தன் படுக்கைக்கு அருகே மரச்சுவரில் பென்சிலால் தேதி போட்டு, அதுவரை இழந்தவர்களின் பெயர்களை எழுதினார். ஹேவர்ட், மக்கின்டாஷ், ஸ்மித். அந்த எழுத்து இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. உங்கள் அடுத்த பதிப்பில், அடுத்த வகுப்பில், அடுத்த பலகையில் அந்த மூன்று பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
துருவக் கதைகளைச் சிறுவயது முதல் படித்துவரும் ஒரு வாசகர்